புளியங்கொட்டையும் பி-மதிப்பும்

முதுகலை உளவியல் மாணவர்களுக்கு ஆய்வுமுறையும் புள்ளியியலும் நடத்தத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், பி-மதிப்பு என்றால் என்ன என்ற கேள்விக்கு வாய்மொழித் தேர்வில் எல்லாரும் ஒரே விடையைச் சொன்னார்கள். இன்மை எடுகோள், அதாவது வேறுபாடோ பயனோ எதுவும் இல்லை என்ற எடுகோள், உண்மையாக இருக்கும் பட்சத்தில், கிடைத்த முடிவோ அதைவிடத் தீவிரமான முடிவோ கிடைப்பதற்கான நிகழ்தகவு. ஒரு சொல் பிசகாது. அடுத்த கேள்வியாக, "அப்படியானால் உன் ஆய்வில் 0.03 என்று வந்திருக்கிறதே, அதற்கு என்ன பொருள்?" என்று கேட்டால், "என் கருதுகோள் 97 சதவீதம் உண்மை சார்" என்று பதில் வரும். வரையறை சரி, பொருள் முற்றிலும் தவறு. இந்த இரண்டும் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வரையறை, ஒரே ஆய்வு மீண்டும் மீண்டும் நடந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றிப் பேசுகிறது. எங்கள் மாணவரோ வாழ்நாளில் ஒரே ஒரு ஆய்வேட்டுக்காக, 60 பேரிடம் வினாத்தாளைக் கொடுத்து, கெஞ்சித் திரும்ப வாங்கி, எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் இட்டு, பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பிக்கிறவர். அந்த ஒரு முறைக்கு அப்பால் உள்ள ஆயிரம் முறைகளை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. கரும்பலகையில் மணி வடிவ வளைகோட்டை வரைந்து, ஓரத்தைச் சாக்பீசால் தீட்டி, "இந்தப் பகுதிதான் ஐந்து சதவீதம்" என்று நான் சொன்னபோது, எதில் ஐந்து சதவீதம் என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு அவர்கள் அடக்கமாக இருந்தார்கள். அந்த ஆயிரம் முறைகளைக் காட்டுவதற்குத்தான் சிமுலேஷனுக்குப் போனேன். தமிழில் பாவனை என்றும் உருவகப்படுத்தல் என்றும் எழுதுகிறார்கள். வகுப்பில் நாங்கள் சிமுலேஷன் என்றே சொல்கிறோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன். ஒருவர் நோயாளியாகவோ ஆலோசனை நாடி வந்தவராகவோ நடிக்க, மாணவர் பேசிப் பழகுவதும் சிமுலேஷன்தான். மருத்துவக் கல்வியில் ஹோவர்ட் பேரோஸ் 1963-இல் தொடங்கிவைத்த முறை அது. எங்கள் துறையிலும் அது உண்டு, ஆனால் அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கு நான் சொல்ல வருவது தரவைப் பாவனையாக உருவாக்குவதைப் பற்றி: உண்மை என்ன என்பதை முதலில் நாமே தீர்மானித்துவிட்டு, அந்த உலகத்திலிருந்து தரவை எடுத்து, நம் ஆய்வுமுறை அந்த உண்மையைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பது.

முதல் முறை நடந்தது ஒரு மின்தடையின் தயவில். ஆய்வகத்தில் 14 கணினிகள் உண்டு, ஓடுபவை ஒன்பதோ பத்தோ. அன்று ஒன்றும் ஓடவில்லை. விடுதி மாணவிகள் தாயம் ஆடுவதற்கு, ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகளை ஒரு டப்பாவில் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. மறுநாளுக்கு ஆளுக்கு 20 கொட்டைகளை அம்மியிலோ வாசற்படிச் சிமென்டிலோ தேய்த்து எடுத்துவரச் சொன்னேன். 32 பேர் கொண்டுவந்த 640 கொட்டைகளையும் ஒரே துணிப்பையில் கொட்டிக் குலுக்கினோம். சிலர் ஆழமாகத் தேய்த்திருந்தார்கள், சிலர் தோல் போகும் அளவுக்கு மட்டும். அவரவர் கொண்டுவந்ததை அவரவரே வீசினால் ஆளுக்கு ஆள் கொட்டையின் குணம் மாறிவிடும். குலுக்கிய பிறகு பார்க்காமல் அள்ளி, எண்ணி 20 எடுத்துக்கொள்ள வேண்டும். சமவாய்ப்பு ஒதுக்கீடு எதற்காக என்று அன்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

வகுப்பை 16 ஜோடிகளாகப் பிரித்தேன். ஜோடியில் ஒருவர் "யோகா குழு", மற்றவர் "கட்டுப்பாட்டுக் குழு". ஒவ்வொரு கொட்டையும் ஓர் ஆள். வெள்ளை மேலே விழுந்தால் அந்த ஆளுக்கு மன அழுத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். இரு குழுவுக்கும் ஒரே பையிலிருந்துதான் கொட்டை எடுத்தோம் என்பதால் யோகாவுக்கு இந்த உலகத்தில் எந்தப் பயனும் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். வீசி எண்ணிக் கரும்பலகையில் எழுதினோம். பெரும்பாலான ஜோடிகளில் 10-க்கு 9, 11-க்கு 12 என்று வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு ஜோடிக்கு மட்டும் யோகா பக்கம் 13, மறுபக்கம் 6. கணக்கிட்டோம்: பி-மதிப்பு 0.03-க்கும் சற்றுக் கீழே. 0.05-க்குக் கீழே வந்தால் வேறுபாடு குறிப்பிடத்தக்கது, அதாவது சிக்னிஃபிகண்ட், என்று கொள்வது வழக்கம். "சிக்னிஃபிகண்ட் வந்துடுச்சு சார்!" என்று அந்தப் பெண் கைதட்டினாள்.

அதற்கடுத்த ஐந்து நிமிடங்கள் எந்தப் பாடநூலும் தராதவை. காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் கையை உயர்த்தி வீசினாள் என்றார் ஒருவர். மேசை சாய்வாக இருக்கிறது என்றார் இன்னொருவர். அவளுக்கு எடை குறைந்த கொட்டைகள் வந்திருக்கும் என்று மூன்றாமவர் எடுத்துப் பார்க்கவே போய்விட்டார். பயன் எதுவும் இல்லை என்று தாங்களே அமைத்த உலகத்தில், தாங்களே குலுக்கிய பையை மறந்து, முடிவுக்கு விளக்கம் தேடினார்கள். ஆய்வேடுகளின் ஐந்தாம் அத்தியாயத்தில் "இதற்குக் காரணம் என்னவெனில்" என்று தொடங்கும் பத்திகள் எப்படிப் பிறக்கின்றன என்பது அன்று அனைவருக்கும் தெரிந்தது. 16 ஜோடிகளில் ஒன்றுக்காவது இப்படி வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்று கணக்கைக் காட்டினேன். "அப்போ மத்த பதினஞ்சு பேரும் ஆய்வேட்டை எழுதாம விட்டுட்டு, அவ மட்டும் எழுதினா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார். வெற்றி பெற்ற ஆய்வுகள் மட்டுமே அச்சேறும் போக்கான வெளியீட்டுச் சார்பு என்ற பாடத்துக்கு நான் இரண்டு மணி நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அரை மணி நேரமே போதுமானதாக இருந்தது.

கையால் செய்வது சிறுபிள்ளைத்தனம் என்று முகம் சுளிக்கும் சக ஆசிரியர்களுக்கு நான் சொல்வது வில்லியம் கோசெட்டின் கதை. டப்ளின் நகரில் கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை பார்த்த அவர், 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில்தான் இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடப் பயன்படும், இன்று நாம் டி-சோதனை என்று சொல்வதன் அடிப்படை இருக்கிறது. சிறு மாதிரிகளுக்கான வளைகோட்டைக் கணக்காக வருவிப்பதற்கு முன்பே, அதைச் செய்துபார்த்துக் கண்டறிய அவர் முயன்ற விதம் நம் கொட்டைகளுக்கு நெருங்கிய உறவு. 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகளை உருவாக்கி, அவற்றின் பரவலைப் பின்னர் தம் வளைகோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மின்னணுக் கணினி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே டி-சோதனை ஒரு சிமுலேஷனைக் கடந்துதான் வந்திருக்கிறது.

மின்சாரம் வந்த பிறகு விரிதாளுக்கு மாறினோம். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், சிமுலேஷனுக்கு அதைவிட வசதியானது வேறில்லை. ஆனாலும் முதல் நாளே அதைத் திறந்தால் பாதி வகுப்பு அடைப்புக்குறி விட்டுப்போன பிழைச் செய்திகளோடு மல்லுக்கட்டும். எக்செல் போதும், லிப்ரே ஆபீஸ் இருந்தாலும் போதும். ரேண்ட் சார்பு தரும் சமவாய்ப்பு எண்ணை, அதை மணி வடிவப் பரவலின் மதிப்பாக மாற்றும் நார்ம் இன்வ் சார்புக்குள் கொடுத்து, ஒரு நெடுவரிசையில் சராசரி 50, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) 10 என 30 பேர், அடுத்ததில் சராசரி 55, அதே திட்ட விலக்கம் என 30 பேர். அதாவது இரு குழுவுக்கும் உண்மையிலேயே அரைத் திட்ட விலக்க வேறுபாடு இருக்கிறது. உளவியலில் நடுத்தர விளைவு என்று சொல்லப்படும் அளவு அது. மூன்றாவது இடத்தில் டி-சோதனையின் பி-மதிப்பு, பெரிய எழுத்தில். எஃப்9 விசையை ஒரு முறை அழுத்தினால் 60 பேரும் மாறிப் புதிய ஆய்வு ஒன்று நடந்து முடிந்துவிடும். ஆய்வேட்டுக்கு ஆறு மாதம் அலைந்த மூத்த மாணவர்கள் அந்த விசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

அழுத்துவதற்கு முன் ஒரு கட்டாயம் உண்டு. நூறு முறை அழுத்தினால் எத்தனை முறை 0.05-க்குக் கீழே வரும் என்ற ஊகத்தை ஒவ்வொருவரும் பேனாவால் நோட்டில் எழுத வேண்டும், பிறகு அடிக்கக் கூடாது. இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். முதல் இரண்டு ஆண்டுகள் நான் திரையில் ஓட்டிக்காட்ட அவர்கள் பார்த்தார்கள். பார்த்தபோது எல்லாம் இயல்பாகவே தோன்றியது, "ஆமா சார்" என்றார்கள், தேர்வில் பழைய விடையே வந்தது. ஊகத்தை எழுதவைத்த ஆண்டில்தான் ஏதோ மாறியது. வேறுபாடு உண்மையிலேயே இருப்பதால் நூற்றுக்குத் தொண்ணூறு முறையாவது தெரியும் என்று பெரும்பாலோர் எழுதினார்கள். ஆளுக்கு 20 முறை அழுத்திக் கோடு போட்டு எண்ணியபோது, 640 ஆய்வுகளில் 311-இல் மட்டுமே 0.05-க்குக் கீழே வந்திருந்தது. கணக்கின்படி வர வேண்டியதும் நூற்றுக்கு 48 அளவில்தான். காசு சுண்டிப் பார்ப்பதைவிட ஆய்வு எந்த வகையிலும் மேலாக இல்லை. நோட்டில் தம் கையால் எழுதிய 95-ஐயும் பலகையில் இருந்த 48-ஐயும் மாறிமாறிப் பார்த்த முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. நூற்றுக்கு 80 முறையாவது கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். வேறுபாடு 0.2 திட்ட விலக்கம் மட்டுமே என்றால் குழுவுக்கு ஏறத்தாழ 394 பேர். "முப்பதுக்கு மேல் போனால் பெரிய மாதிரி" என்று வழிவழியாக வரும் வாக்கு எங்கள் துறையில் செய்திருக்கும் சேதத்துக்கு அளவில்லை.

இந்தத் தாளில் இன்னொரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது, அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். குழுவுக்கு 30 பேர் என்றால், 0.05 எல்லையைத் தாண்டுவதற்கு மாதிரியில் தெரியும் வேறுபாடு குறைந்தது 0.52 திட்ட விலக்கமாவது இருக்க வேண்டும். உண்மை 0.5. ஆக, உண்மையை அப்படியே துல்லியமாகக் கண்டெடுத்த மாணவருக்கு பி-மதிப்பு 0.058 என்று வந்து, அவர் ஆய்வேடு "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று முடியும். தற்செயலாக மிகைப்படுத்திய மாதிரி கிடைத்தவர் மட்டுமே வெற்றி பெறுவார். வெற்றி பெற்ற ஆய்வுகளை மட்டும் பிரித்தெடுத்துச் சராசரி பார்த்தால் 0.7-ஐ ஒட்டி வருகிறது. ஆய்விதழ்களை மட்டும் படிக்கிறவருக்குத் தெரியும் உலகம் இந்த 0.7 உலகம். 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைப் பலரும் சேர்ந்து மறுபடி செய்து வெளியிட்ட முடிவில், முதலில் 97 சதவீதத்தில் இருந்த புள்ளியியல் முக்கியத்துவம் மறு ஆய்வில் 36 சதவீதத்துக்கு இறங்கியதையும், விளைவின் அளவு சராசரியாகப் பாதியானதையும் சொன்னபோது, அதற்கு ஏமாற்று வேலைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. எஃப்9 அழுத்தியவர்களுக்கு ஏமாற்றே இல்லாமலும் அப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தது.

ஏமாற்றுக்கும் நேர்மைக்கும் இடையில் உள்ள ஒரு பழக்கத்தையும் இப்படிச் சோதித்தோம். பத்துப் பேர் சேர்ந்ததும் ஒரு முறை கணக்கிட்டுப் பார்ப்பது, வராவிட்டால் இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பது, வந்தவுடன் நிறுத்திக்கொள்வது. எங்கள் ஊரில் இதை யாரும் தவறென்று நினைப்பதில்லை, வழிகாட்டியே "இன்னும் கொஞ்சம் டேட்டா எடுத்துப் பாரும்மா" என்பார். நானும் சொல்லியிருக்கிறேன். வேறுபாடே இல்லாத உலகத்தில் குழுவுக்குப் பத்துப் பத்தாகக் கூட்டி நூறு வரை பத்து முறை எட்டிப் பார்த்தால், தவறான வெற்றி நூற்றுக்கு ஐந்து முறை என்பது 19 முறையாக உயர்கிறது. ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சோன் மூவரும் 2011-இல் வெளியிட்ட கட்டுரையில் இதையும், இன்னும் மூன்று சாதாரணச் சலுகைகளையும் சிமுலேஷன் செய்து, நான்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் தவறான வெற்றி 60.7 சதவீதம் வரை போகும் என்று காட்டினார்கள். அந்த எண்ணைச் சொல்லி நான் பாடம் நடத்தியபோது கொட்டாவி விட்ட அதே வகுப்பு, தானே ஓட்டிப் பார்த்து 19-ஐக் கண்டபோது விழித்துக்கொண்டது.

இனி என் தவறு. மூன்றாம் ஆண்டில், கைப்பேசி மேசைமேல் இருக்கும்போது சொற்களை நினைவில் வைக்கும் திறன் குறைகிறதா என்று ஆராய வந்த ஒரு மாணவிக்கு, எத்தனை பேர் வேண்டும் என்பதைச் சிமுலேஷன் மூலம் நானே கணக்கிட்டுத் தந்தேன். ஆர் மென்பொருளில் ஆயிரம் ஆய்வுகள், குழுவுக்கு 20 பேர், அரைத் திட்ட விலக்க வேறுபாடு. விடை: நூற்றுக்கு நூறு. 40 பேர் தாராளமாகப் போதும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, அதே நிரலை வகுப்பில் காட்டுவதற்காக ஆயிரம் ஆய்வுகளின் வேறுபாடுகளையும் வரைபடமாக வரைந்தபோது, மணி வடிவம் வர வேண்டிய இடத்தில் ஒற்றைக் கம்பம் நின்றது. சமவாய்ப்பு எண்கள் மறுமுறையும் அதே வரிசையில் வருவதற்காக ஒரு விதை எண்ணைக் கொடுப்பது வழக்கம். அந்த வரியை நான் சுழற்சிக்கு வெளியே எழுதாமல் உள்ளே எழுதியிருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் விதை மீண்டும் முளைத்து, அதே 40 பேர் ஆயிரம் முறை வந்து போயிருக்கிறார்கள். அந்த ஒரே மாதிரி தற்செயலாக வெற்றி பெற்ற மாதிரி. வரியை இடம் மாற்றி ஓட்டினேன்: நூற்றுக்கு 34. அதற்குள் அந்தப் பெண் 40 பேரிடமும் தரவு எடுத்து முடித்திருந்தார்.

நூற்றுக்கு நூறு என்று வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நல்ல செய்தி என்பதால் வரவில்லை. அன்றிலிருந்து எந்தச் சிமுலேஷனையும் பயன்படுத்துவதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யாமல் விடுவதில்லை. வேறுபாட்டைப் பூஜ்யமாக்கி ஓட்டி, வெற்றி நூற்றுக்கு ஐந்தை ஒட்டி வருகிறதா என்று பார்ப்பேன். விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கைக் கொடுப்பேன், குழுவுக்கு 64, வேறுபாடு 0.5 என்றால் 80 வர வேண்டும். பிறகு ஓரிரு பாவனை ஆய்வுகளின் முழுத் தரவையும் அட்டவணையாகத் திறந்து கண்ணால் பார்ப்பேன். திட்ட விலக்கம் கேட்கும் இடத்தில் அதன் வர்க்கமான மாறுபாட்டைக் கொடுத்து, 10-க்குப் பதில் 100 என்று போட்டுவிட்ட பிழையெல்லாம் இந்தக் கடைசிப் பார்வையில்தான் பிடிபடும், ஏனென்றால் தேர்வில் மைனஸ் 140 மதிப்பெண் எடுத்த மாணவரைப் பார்த்ததும் யாருக்கும் தெரிந்துவிடும். எத்தனை முறை ஓட்டுவது என்பதும் முக்கியம். ஆயிரம் முறை ஓட்டினால், உண்மையான ஐந்து சதவீதம் 3.6-இலிருந்து 6.4 வரை எங்கு வேண்டுமானாலும் தெரியலாம். 10,000 முறை ஓட்டினால் 4.6-க்கும் 5.4-க்கும் இடையில் அடங்கும். பழைய கணினியில் அதற்குச் சில நிமிடம் பிடிக்கும், ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

அந்த மாணவிக்கு என்ன ஆனது என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், எங்கள் பக்கத்து ஆய்வேடுகளில் மிக அதிகமாகக் காணப்படும் வடிவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, எட்டாம் வகுப்பு ஏ பிரிவுக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்து, பி பிரிவைச் சும்மா விட்டு, ஒரு மாதம் கழித்து இரு பிரிவுகளின் பதற்ற மதிப்பெண்களை டி-சோதனையால் ஒப்பிடுவது. பிரிவுக்கு 30 பேர், ஆக 60 பேர். ஆனால் ஒரு பிரிவில் உள்ள பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் திட்டு வாங்குகிறார்கள், ஒரே நாளில் தேர்வு எழுதுகிறார்கள், ஒரே மின்விசிறி ஓடாத அறையில் உட்காருகிறார்கள். மதிப்பெண்ணின் மொத்த மாறுபாட்டில் ஐந்து சதவீதம் மட்டும் எந்தப் பிரிவு என்பதால் வருகிறது என்று வைத்துக்கொண்டு, பயிற்சிக்கு எந்தப் பயனும் இல்லாத உலகத்தைச் சிமுலேஷனில் ஓட்டினோம். தவறான வெற்றி நூற்றுக்கு 21, 22. அந்த ஐந்து சதவீதத்தைப் பத்தாக்கினால் மூன்று ஆய்வுகளில் ஒன்று, இல்லாத பயனைக் கண்டுபிடித்துவிடுகிறது. இன்னும் நிறையப் பிள்ளைகளைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். பிரிவுக்கு 60 பேராக்கி ஓட்டினோம், மேலும் மோசமானது. பிரிவின் தனித்தன்மை அப்படியே நிற்க, டி-சோதனையின் தன்னம்பிக்கை மட்டும் கூடுகிறது. தேவைப்படுவது அதிகப் பிரிவுகள், அல்லது ஒரே பிரிவுக்குள் பாதிப் பேருக்கு மட்டும் பயிற்சி. இந்த ஒரு விஷயத்தைச் சூத்திரமாக நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன், ஆய்வேடுகளின் வடிவம் ஓர் அங்குலம் நகரவில்லை. ஓட்டிக் காட்டிய பிறகு, சிலராவது மூன்று பள்ளிகளில் பிரிவுக்குப் பத்துப் பேர் என்று அலையத் துணிந்தார்கள்.

சிமுலேஷன் கற்றுக்கொடுப்பதில் உள்ள ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டு, மாலையில் அறைக்கு வந்த ஒரு மாணவர் கதவருகே நின்று தயங்கி, "சார், எனக்கு இன்னும் நாப்பது பேர் வேணும். அந்த நார்ம் இன்வ் வச்சு போட்டுக்கலாமா?" என்று கேட்டார். கேட்டாரே என்று நிம்மதிப்பட்டேன், ஏனென்றால் கேட்காமல் செய்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. கருவியைக் கையில் கொடுத்தவன் நான். ஏன் கூடாது என்று அவருக்கு விளக்குவது எளிதாக இருந்தது: அந்த 40 பேரின் சராசரியை நீ என்னவென்று கொடுப்பாய், அதை நீயே தீர்மானித்தால் பள்ளிக்கு எதற்குப் போனாய்? ஆனாலும் அன்றிலிருந்து துறையில் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறோம். பாவனைத் தரவுக் கோப்பின் பெயர் 'பொய்' என்ற சொல்லில்தான் தொடங்க வேண்டும், உள்ளே முதல் நெடுவரிசையின் தலைப்பும் அதுவே, உண்மைத் தரவு இருக்கும் அடைவில் அதை வைக்கக் கூடாது. 'பொய்_பதற்றம்_60' என்று பெயரிட்ட கோப்பை ஆய்வேட்டில் இணைக்க எந்தக் கைக்கும் கூசும்.

எண்களை எங்கிருந்து எடுப்பது என்பது கடைசிவரை தீராத சிக்கல். சிமுலேஷன் நாம் போட்டதைத்தான் திருப்பித் தரும். முன்னோடி ஆய்வில் பத்துப் பேரிடம் கிடைத்த வேறுபாட்டைப் போட்டால், அந்தப் பத்துப் பேரின் தற்செயலும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். வெளியான கட்டுரையிலிருந்து எடுத்தால் 0.7 உலகத்தின் மிகை வந்துவிடும். இப்போது நான் மாணவரிடம் கேட்பது, "எவ்வளவு குறைந்த வேறுபாடு இருந்தால்கூட உனக்கு அது பொருட்டாக இருக்கும்?" என்ற கேள்வியை. அந்த எண்ணையும், அதில் பாதியையும் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். இன்னொன்று, உண்மை மனிதர்கள் மணி வடிவத்தில் வருவதில்லை. ஐந்து புள்ளி வினாத்தாளில் நம் ஊர்ப் பிள்ளைகள் 'மிகவும் உடன்படுகிறேன்' என்பதில் குவிவார்கள், சிலர் எல்லாவற்றுக்கும் 3 போட்டுவிட்டுப் போவார்கள், கடைசிப் பக்கத்தை ஆறில் ஒருவர் திருப்பியே பார்க்க மாட்டார். முந்தைய ஆண்டுகளின் ஆய்வேட்டுத் தரவுகளை, பெயர்களை நீக்கி, அதிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து ஓட்டுவது இதற்கு ஓரளவு மாற்று. கோசெட்டின் அட்டைத் துண்டுகளும் அதைத்தான் செய்தன.

கைப்பேசி மாணவியிடம் என் பிழையை ஒப்புக்கொண்டபோது அவர் அழவில்லை, கோபப்பட்டார். கோபம் நியாயமானது. புதிதாக 88 பேரைத் தேடுவதற்கு நேரமில்லை. இருவரும் உட்கார்ந்து வேறு வடிவங்களைச் சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்தோம். ஒரே ஆள் இரண்டு நிலையிலும் சோதிக்கப்பட்டால், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள நினைவாற்றல் வித்தியாசம் கணக்கிலிருந்து கழிந்துவிடும் அல்லவா? முன்பு கைப்பேசியுடன் எழுதிய 20 பேரைக் கைப்பேசி இல்லாமலும், மற்ற 20 பேரைக் கைப்பேசியுடனும், வேறொரு சொற்பட்டியலோடு மீண்டும் அழைத்தால், வரிசை தானாகவே பாதிக்குப் பாதி சமன்பட்டுவிடும். இரு முறையும் ஒருவர் எடுக்கும் மதிப்பெண்களுக்கு இடையே 0.6 ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு, முழுப் பொருத்தம் என்றால் 1) இருக்கும் என்று வைத்து, 31 பேர் திரும்பி வந்தால் எவ்வளவு என்று ஓட்டினோம்: நூற்றுக்கு 85 அளவில். ஒட்டுறவை 0.3 ஆக்கினால் 62-ஐ ஒட்டிக் குறைந்தது, அதையும் எழுதிவைத்தோம். அழைத்ததில் 33 பேர் வந்தார்கள். வராத ஏழு பேரில் ஐந்து பேர் முதல் சுற்றில் மிகக் குறைவாக எடுத்தவர்கள் என்பதைக் கவனித்து, அதைத் தம் ஆய்வேட்டில் ஒரு முழுப் பத்தியாக அவரே எழுதினார். வந்த வேறுபாடு சிறியது, 0.05-ஐத் தாண்டவில்லை. வெளித் தேர்வாளர் "முடிவு எதுவும் வரவில்லையே அம்மா" என்றபோது, அரைத் திட்ட விலக்கம் இருந்திருந்தால் இந்த வடிவத்தில் அது பெரும்பாலும் அகப்பட்டிருக்கும் என்று சொல்லி, 'பொய்' என்று தொடங்கும் கோப்பைத் திறந்து ஓட்டிக் காட்டினார். தேர்வாளர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

புளியங்கொட்டைப் பை இன்னும் துறை அலமாரியில்தான் இருக்கிறது. போன ஆனியில் திறந்தபோது மூன்றில் ஒரு பங்கை வண்டு துளைத்திருந்தது. துளைத்த கொட்டை எடை குறைந்து வேறு மாதிரி விழுகிறது என்று ஒரு மாணவர் சொல்கிறார், இல்லை என்கிறார் அவர் பக்கத்தில் உட்காருகிறவர். அடுத்த வாரம் ஆளுக்கு இருநூறு முறை வீசி எண்ணுவதாக ஏற்பாடு. ஊகத்தை இருவரும் பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.